ஹெட்போனுக்குப் போன குரல்

உங்கள் மின்விசிறியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, மேடம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்'. நீங்கள் பழகிவிட்டீர்கள், உங்கள் காது அதைத் தள்ளிவிட்டது. என் காது தள்ளாது. இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சோறு போடுவதே அந்தக் குணம்தான். கொஞ்ச நேரம் அதை நிறுத்தி வைத்தால் நமக்கு வியர்க்கும், அவ்வளவுதான். ஆனால் நான் சொல்வது மேசையில் இருக்கும் ரெக்கார்டரில் சுத்தமாக விழும்.

நன்றி. ரெக்கார்டரை இன்னும் ஒரு சாண் என் பக்கம் தள்ளுங்கள். போதும்.

என் தங்கையை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வயதில் சபையின் பிள்ளைகள் பாடகர் குழுவில் சேர்ந்தாள். மற்ற பதினான்கு பிள்ளைகளும் வாயசைப்பது போலத்தான் இருந்தது. பாட்டு டீச்சர் அவளைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார். அங்கிருந்தும் அவள் குரல்தான் கேட்டது. வாசலுக்குப் போகச் சொன்னார். தெருவில் போய்க்கொண்டிருந்த நாலு பேர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அவளை எங்கும் போகச் சொல்லவில்லை.

பதினெட்டு வயதில் எலக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆராதனைக்குள் போனாள். மூப்பர் ஒருவர் வழிமறித்தார். "கர்த்தருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. ஏம்மா இப்படிக் கத்தறே?" என்றார். "அவருக்குக் கேக்கும் அங்கிள். பின்னாடி தூங்கறவங்களுக்கும் கேக்கணுமே" என்றாள் இவள். மூப்பருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்படித்தான் அவள் ராக் பாடகி ஆனாள். நான் அவளுக்கு ஒலிப்பதிவுக்காரன் ஆனேன். இரண்டு ஆல்பம் வந்தது. கிட்டார், டிரம்ஸ், ஊரே அதிரும் சத்தம். பிள்ளைகள் துள்ளினார்கள். ஆனால் யாரும் அழவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாவது ஆல்பம் என் கனவு. அவளுடைய கனவு என்றுதான் சொல்ல வந்தேன். இருவருடைய கனவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கதவு திறந்தே இருக்கிறது' என்று பெயர். ஒன்பது பாட்டு. யாரும் முணுமுணுக்கக்கூடிய பாப் மெட்டு, அதற்கு அடியில் எலக்ட்ரானிக் துடிப்பு, அதற்கு மேல் இருபத்தாறு பேர் வாசிக்கும் வயலினும் செல்லோவும். மூன்றையும் நானே கோத்து எழுதினேன். எழுத ஒன்றரை வருஷம் ஆனது. எழுதி முடித்து, முதல் பாட்டில் அவள் குரலை மேலே வைத்துக் கேட்டபோது பாதியிலேயே நிறுத்திவிட்டேன். குரலில் குறை இல்லை. குறையே இல்லாததுதான் குறை. கம்ப்யூட்டர் சத்தம் பளபளப்பு, வயலின் பளபளப்பு, இவளும் பளபளப்பு. பாத்திரக்கடையில் ஒரு கரண்டியைத் தேடுவது மாதிரி இருந்தது.

நான் ஜெபிக்கிறவன், மேடம். அன்றைக்கு முழங்கால் போட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். இந்தக் குரலில் ஒரு கீறல் போடும் ஆண்டவரே என்று கேட்டேன்.

இரண்டாவது பாட்டில் கிடைத்தது. காலை பத்து மணி இருக்கும். 'தட்டாதே, கதவு திறந்தே இருக்கிறது' என்று ஒரு வரி. 'திறந்தே' என்ற இடத்தில் குரல் துணி கிழிவது போல மெதுவாகக் கிழிந்து, அடுத்த எழுத்தில் தானாகவே தைத்துக்கொண்டது. ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கையில் ரோமம் நின்றது. அந்தப் பக்கம் அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"சே. தொண்டை கட்டிருக்கு. இன்னிக்கு வேணாம்ணா, நான் கிளம்பறேன்."

தொண்டையை அவள் பச்சைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வாள். சென்ற ஆல்பத்தில் வெறும் சளிக்கு ஆறு வாரம் வேலையை நிறுத்தினாள். பாடுவதற்கு முந்தைய நாள் போனில் பேசமாட்டாள், கணவரோடு சைகை பாஷைதான். அவள் கிளம்பிப் போய் ஓய்வெடுத்து, கஷாயம் குடித்து, மறுபடி கரண்டியாகப் பளபளத்துக்கொண்டு வந்து நிற்பாள். எனக்கு அது தெரியும்.

"அஞ்சு நிமிஷம் இரு. தண்ணி குடி" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாடகருடைய மைக்கிலிருந்து வரும் குரல் இரண்டு வழியாகப் போகும். ஒன்று பதிவாகும். இன்னொன்று அவர் காதில் இருக்கும் ஹெட்போனுக்கே திரும்பிப் போகும். தன் குரலை நேராகக் கேட்டால் யாருக்கும் சரியாகத் தெரியாது. மண்டை எலும்பு வழியாகக் கேட்பது வேறு, வெளியே இருப்பது வேறு. அதனால் நல்ல பாடகர்கள் தங்கள் தொண்டையை நம்பமாட்டார்கள். ஹெட்போனை நம்புவார்கள். நான் ஹெட்போனுக்குப் போகும் வழியில் மட்டும் கொஞ்சம் மெருகு போட்டேன். கரகரப்பை வழித்து எடுத்து, சுருதியை நிமிர்த்தி, இழைத்த மரம் மாதிரி ஆக்கி அவள் காதுக்குள் அனுப்பினேன். பதிவாகும் வழியில் கையே வைக்கவில்லை.

"இப்பப் பாடு."

பாடினாள். கண்ணை அகல விரித்தாள். "அட, சரியாயிடுச்சே."

"தண்ணி குடிச்சேல்ல."

அந்த ஒரு நாளைக்கு என்றுதான் ஆரம்பித்தேன். இதற்கு நீங்கள் அடிக்கோடு போட வேண்டாம். உங்கள் ஸ்டேஷனில் இந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

கரகரப்பு போகவில்லை. மூன்றாவது பாட்டிலும் இருந்தது. கொஞ்சம் கூடியும் இருந்தது. பாடி முடித்துக் கேட்க வந்தால் மெருகு போட்ட பிரதியைத்தான் அவளுக்குப் போட்டுக் காட்டுவேன். அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். அவள் போன பிறகு நிஜப் பிரதியைப் போட்டு நான் தனியாகக் கேட்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒன்றை நான் கேட்டதில்லை.

முதலில் கண்டுபிடித்தது மாப்பிள்ளைதான். அவளுடைய கணவர். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். லென்ஸ் தேய்ப்பார், பவர் பார்ப்பார். இசைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மனிதர் பேச்சை ஆரம்பித்தார்.

"மச்சான், இவ குரல் சைக்கிள் செயின் மாதிரி ஆயிடுச்சு, கவனிச்சீங்களா?"

"பொறந்தநாள் பாட்டையே நாலு சுருதியில பாடற ஆளு. நீங்க என் குரலைப் பத்திப் பேசறீங்களா" என்றாள் தங்கை.

"சுருதி எனக்குத் தெரியாது. உன் குரல் தெரியும். பதினோரு வருஷமா திட்டு வாங்கறேன்ல."

"பேசும்போது எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஸ்டூடியோவுல வந்து கேளுங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. எறும்பு தும்மினாக்கூட அண்ணனுக்குக் கேக்கும். அண்ணனே ஒண்ணும் சொல்லலியே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுடைய ஏழு வயது மகள், குட்டி, அவளும் பார்த்தாள். நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலியே" என்றேன்.

மாப்பிள்ளை விடவில்லை. நச்சரித்து நச்சரித்து அவளைத் தொண்டை டாக்டரிடம் அனுப்பிவைத்தார். அப்போது நாலாவது பாட்டு போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, குரல் நாணில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது என்று ஒரு துணுக்கைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். ஸ்டூடியோவில் தன் போன் அணைந்தே இருக்கும் என்பதால் தங்கை என் நம்பரைக் கொடுத்திருந்தாள். பத்து நாளில் எனக்கு அழைப்பு வந்தது. அவள் உள்ளே பாடிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் போனேன். உறவு என்ற இடத்தில் 'மூத்த சகோதரர்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, காகிதத்தை வாங்கிக்கொண்டேன். அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். நிபுணரை வைத்துச் சரிபார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். எனக்கு மறக்காது, நான் கேட்டது எதுவுமே மறக்காது. "புற்றுதான். ஆனா ஆரம்பத்துலயே பிடிச்சாச்சு, அதனால உயிருக்குப் பயமில்லை. பத்துல ஒன்பது பேர் நல்லாயிடறாங்க. குரல் பழைய மாதிரி வரும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. வலி இல்லைன்னா பாட்டு முடிஞ்சதும் பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க. அடுத்த வாரமே அட்மிட் ஆகணும்."

ஒரு பாட்டை யாரும் ஒரே மூச்சில் பாடுவதில்லை, மேடம். பத்துத் தடவை பாடவைப்போம். ஒன்றில் முதல் வரி நன்றாக இருக்கும், இன்னொன்றில் கடைசி வார்த்தை. நல்ல துண்டுகளை மட்டும் எடுத்து ஒட்டுவோம். ஒட்டு தெரியாது. அதுதான் எங்கள் வேலை. பொய் என்று யாரும் சொல்லமாட்டார்கள், எல்லாம் பாடகரின் சொந்தக் குரல்தானே. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டூடியோவுக்கு நாற்பது நிமிஷம். பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதை நான் அப்படி வெட்டி ஒட்டினேன்.

"உயிருக்குப் பயமில்லைன்னு சொன்னாங்க. வலி இல்லைன்னா பாட்டு முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்றேன் தங்கையிடம்.

ஒவ்வொரு வார்த்தையும் டாக்டருடையது. தலையில் இருந்ததையும் நடுவில் இருந்ததையும் வாலில் இருந்ததையும் எடுத்துவிட்டேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அங்கேயே கண்ணை மூடி ஜெபித்தாள். கிருபையாகக் காப்பாற்றினீரே, ஸ்தோத்திரம் என்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பத்து நாளாக எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜெபம் முடிந்ததும் நானும் ஆமென் சொன்னேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் நிதானமாக யோசித்துத்தான் செய்தேன். சிகிச்சைக்குப் போனால் குரல் போய்விடும், அல்லது உப்புச் சப்பில்லாமல் திரும்பி வரும். இன்னும் ஐந்து பாட்டு பாக்கி இருந்தது. ஒரு பாட்டுக்கு மூன்று வாரம் என்றால் நாலு மாதத்துக்குள் முடிந்துவிடும். நாலு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். கடைசியில் எட்டு மாதம் ஆனது, அது என் கணக்கில் பிழை. அதோடு, பாடாத என் தங்கையை நான் கற்பனை செய்து பார்த்தேன். சமையலறையில் நிற்கிறாள், கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள், பாடாமல் இருக்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. என்னால் முடியாது என்றால் அவளாலும் முடியாது என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு உயிரே பாட்டுதான். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார்கள். வேறு இடத்தில் பார்க்கிறோம் என்றேன். மாப்பிள்ளை கேட்டபோதெல்லாம், தங்கை நான் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லி அவரை அடக்கிவிட்டாள். ஒரு கடிதமும் வந்தது. ரிப்போர்ட்டையும் கடிதத்தையும் மைக் பெட்டியில் பஞ்சுக்கு அடியில் வைத்தேன்.

பிறகு வந்த பாட்டுகளைப் பற்றி எப்படிச் சொல்வது. ஐந்தாவதில் கீழ்ஸ்தாயி முழுக்க மணல் படிந்துவிட்டது. ஆறாவதில் உச்சத்துக்குப் போகும்போது குரல் இரண்டாகப் பிளந்து இரண்டு பேர் பாடுவது போல இருந்தது. அதன் மேல் வயலின்கள் ஏறும்போது, அடியில் கம்ப்யூட்டர் துடிப்பு அடங்கிப்போகும் இடத்தில், அவள் தனியாக நிற்பாள். காயம்பட்ட ஒருத்தி வெளிச்சத்தைப் பார்த்துப் பாடுவது போல. இருபத்திரண்டு வருஷம் நான் தேடியது அதுதான். அவள் காதுக்குப் போகும் மெருகை மட்டும் பாட்டுக்குப் பாட்டு கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. எவ்வளவு கூட்டினேன் என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைத்திருக்கிறேன். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது. அதைத் தொண்டை டாக்டரிடம் காட்டிப் பாருங்கள். கட்டி எந்த வாரம் எவ்வளவு வளர்ந்தது என்பதை எந்த ஸ்கேனும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

ஒன்பதாவது பாட்டின் கடைசி வரி நீளமானது. பாதியில் அவளுக்கு மூச்சு பற்றவில்லை. மறுபடி முயன்றாள். மூன்றாவது தடவை ஹெட்போனோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இழுக்கும்போது ஊதல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மைக் அதையும் பிடித்தது. பதிவை நிறுத்திவிட்டுத்தான் நான் உள்ளே ஓடினேன். நிறுத்தாமல் ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கைக்குப் பழக்கம், முதலில் நிறுத்திச் சேமித்தது.

மாப்பிள்ளை வந்து வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பழைய ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு, எட்டு மாதம் முன்னாலேயே தெரிந்த நோய்க்கு ஏன் வைத்தியம் பார்க்கவில்லை என்று அங்கே அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் எந்த எட்டு மாதம் என்று கேட்டிருக்கிறார். பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். மூன்றாவது பெட்டியில் கிடைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்து காகிதத்தைப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எனக்கே கேட்டுச்சே, மச்சான்" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

தங்கை இன்னும் நாலு மாதம் இருந்தாள். சின்ன நோட்டில் எழுதித்தான் பேச்சு. மாப்பிள்ளை அந்தக் காகிதத்தை அவளிடம் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு அது தெரியாது. ஆல்பத்தை முடித்து எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பதாவது பாட்டின் கடைசி வரியை எட்டாவது பாட்டிலிருந்து துண்டுகள் எடுத்து ஒட்டியிருந்தேன், ஒட்டு தெரியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஹெட்போனை நானே அவள் காதில் மாட்டினேன். இந்த முறை மெருகு இல்லாதது. நிஜக் குரல். அவள் ஒரு நிமிஷம் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, என் மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். களைப்பாக இருந்திருக்கும். நோட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன், ஏதாவது எழுதுவாள் என்று. பார்வை நேரம் முடியும் வரை காத்திருந்தேன். எழுதவில்லை.

அடக்க ஆராதனையில் ஸ்பீக்கர் வைத்தது நான்தான். வேறு யாருக்கும் அந்த மண்டபத்தின் எதிரொலி தெரியாது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை. இரண்டாவது பாட்டைப் போட்டேன். 'திறந்தே' என்ற இடத்தில் மண்டபமே உடைந்து அழுதது. அந்தப் பழைய மூப்பர், எண்பது வயது ஆகிவிட்டது அவருக்கு, முன்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அவளுடைய முதல் இரண்டு ஆல்பத்துக்கும் ஒரு துளிக் கண்ணீர் விட்டவர் இல்லை.

இப்போது அந்த ஆல்பத்தை எவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நேற்று ஒரு அம்மா எழுதியிருந்தார். மகன் போன பிறகு ஒரு வருஷமாக அழக்கூட முடியாமல் கல்லாக இருந்தாராம், ஆறாவது பாட்டில்தான் அழுகை வந்ததாம். அப்படி நூற்றுக்கணக்கில் வருகிறது. நான் தட்டின் ஒரு பக்கத்தில் இதை வைத்தேன், இன்னொரு பக்கத்தில் என் தங்கையை வைத்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. எனக்கு அவள் ஒருத்திதான். அவள் வீட்டுப் பக்கம் போகும் பேருந்தில் நான் இப்போது ஏறுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவளுடைய இருமல் கேட்கிறது. ஆனால் அவளே முடிவெடுத்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பாள். அந்த நம்பிக்கையில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்து இதையெல்லாம் சொல்கிறேன்.

நீங்கள் கேட்பது புரிகிறது. அவள் எப்போதாவது என்னிடம் நேராகக் கேட்டாளா என்று.

ஒரே ஒரு தடவை.

வயலின்காரர்களைப் பதிவு செய்த அன்று. ஏழாவது பாட்டுக்கு. காலை பதினோரு மணி, மரத்தளம் போட்ட பெரிய கூடம், இருபத்தாறு பேர், ஆளுக்கொரு ஹெட்போன். தங்கைக்கு அன்று வேலை இல்லை. வயலினைக் குட்டிக்குக் காட்டலாம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தங்கை செல்லோ வாசிக்கும் அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அந்த அம்மா அன்பாகத் தன் ஹெட்போனின் ஒரு காதை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

நான் தவறு செய்த இடம் அது. வாத்தியக்காரர்களுக்கு எப்போதும் மெருகில்லாத குரலைத்தான் அனுப்புவோம். பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கேட்டால்தான் அவர்கள் வில்லைச் சரியான இடத்தில் தூக்குவார்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அவள் அங்கே உட்காருவாள் என்று யோசிக்கவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்த அவள் உதடு நின்றது. பாட்டு முடியும் வரை அசையாமல் கேட்டாள். வாத்தியக்காரர்கள் டீ குடிக்க எழுந்து போனார்கள். அவள் கூடத்தின் நடுவில் இருந்த மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். அதில் பேசினால் என் அறையில் எனக்குக் கேட்கும்.

"அண்ணா, அந்த ஹெட்போன்ல பாடறது யாரு?"

நான் பட்டனை அழுத்தினேன். "நீதான். சும்மா எஃபெக்ட் போட்டுப் பார்த்தேன்."

குட்டி இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஏதாவதுன்னா மறைக்காம சொல்லிடுண்ணா. பாட்டு போனாப் போகட்டும். பாடறதுக்கு நூறு பேர் இருக்காங்க. குட்டியை அதட்டற அளவுக்குக் குரல் மிச்சம் இருந்தா எனக்குப் போதும்."

"அதட்டவே வேணாம்மா" என்று குட்டி பின்னாலிருந்து கத்தினாள். தங்கை சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே என் அறைக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள், பதிலுக்காக.

"ஒண்ணும் இல்ல. நீ போய் டீ குடி" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு, குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

இடைவேளையில் நான் பதிவை நிறுத்துவதில்லை. அதனால் அது முழுக்க விழுந்திருந்தது. நாற்பது விநாடி. சாயங்காலம் ட்ராக்கைச் சுத்தம் செய்யும்போது மறுபடி வந்தது. கேட்டேன். தெளிவாகக் கேட்டது, அது மிக நல்ல மைக். அழித்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போனேன்.

என் தங்கையைக் கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த நாற்பது விநாடியை மறைப்பதற்காக அழித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அதில் அவள் பாடவில்லை, மேடம். பேசிக்கொண்டுதான் இருந்தாள். பேச்சை நான் எப்போதும் வெட்டிவிடுவேன்.